கோல்டு கஸ்டமர்தான் முதலில்

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் புகார் அறையில் போன் எடுப்பவளை மெக்கானிக்குகள் கம்ப்ளெயிண்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் போன் அவளுக்குத்தான் வரும். யாரை எங்கே அனுப்புவது என்பதும் அவள் தலையில்தான். மேனேஜருக்கு அவர்கள் வைத்த பெயர் சொக்கத்தங்கம். பெரிய பெரிய கட்டடங்களைப் பொறுக்கி 'கோல்டு கஸ்டமர்' என்று தனியாக வைத்த மகராசன் அவன். முகத்துக்கு நேரே அவளும் சார் என்பாள். மனசுக்குள் அவன், இவன்தான்.

அவன் வருவதற்கு முன்பு அந்த அறையில் ஒரே சட்டம். ஆள் உள்ளே மாட்டியிருந்தால் அந்த லிஃப்ட் முதலில். சத்தம், விளக்கு, கண்ணாடி எல்லாம் அப்புறம். வந்ததும் வராததுமாக அதைத் தலைகீழாக்கினான்.

"கோல்டு கஸ்டமர்தான் ஃபர்ஸ்ட். மத்தவங்க வெயிட் பண்ணட்டும். லிஃப்ட்டுக்குள்ள காத்து வரும், யாரும் செத்துட மாட்டாங்க" என்றான். ஏசி அறையில் காலாட்டிக்கொண்டு பேசினால் இப்படித்தான் பேச வரும்.

கொஞ்ச நாளில் மாட்டியது அவளுடைய அம்மா. இரண்டு மாடிக்கு நடுவில், இருட்டில், மூச்சிரைப்புக்காரி. அவள் நெட்டை என்கிற மெக்கானிக்கை அனுப்பினாள். மேனேஜர் அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அவனைப் பாதி வழியில் மடக்கி நகைக்கடைக்குத் திருப்பிவிட்டான். அங்கே லிஃப்ட்டில் ஒரு பட்டன் எரியவில்லையாம். அம்மாவை வெளியே எடுத்தபோது உடுத்தியது நனைந்து, பெற்ற மகளின் முகத்தைப் பார்க்கவே கூசிப்போய் நின்றாள். அன்றோடு சரி, லிஃப்ட்டில் கால் வைப்பதில்லை. படியிறங்க முழங்கால் விடுவதில்லை. ஊரையே சுற்றி வந்த மனுஷிக்கு இப்போது ஜன்னல்தான் தெரு.

மகள் அழவில்லை. கறுவிக்கொண்டு இருந்தாள். வேலையை உதறியிருக்கலாம், உதறிவிட்டால் அவன் எப்படிக் கையில் சிக்குவான்?

சிக்கினான். ஒரு காலை நேரம் போன் வந்தது.

"நான்தாம்மா பேசறேன். எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. கிளப்ல எனக்கு ஒரு கோல்டு கஸ்டமரோட மீட்டிங் இருக்கு. நெட்டைய உடனே அனுப்பு."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"உங்க அபார்ட்மெண்ட் கோல்டு இல்லையே சார்."

"என்ன, விளையாடறியா?"

"நீங்க போட்ட ரூல்தான் சார். நெட்டை நகைக்கடையில கண்ணாடி மாத்தறான். இன்னொருத்தர் ஹோட்டல்ல இருக்காரு, கதவு கீச்சுனு கத்துதாம். முடிச்சுட்டு வருவாங்க."

"நான் மேனேஜர்மா."

"மேனேஜருக்குன்னு தனியா ஒண்ணும் நீங்க சொல்லலையே சார்."

கத்தினான், வைத்தான், மறுபடி கூப்பிட்டான். மெக்கானிக்குகளின் நம்பர் ஒன்றுகூட அவனிடம் கிடையாது. அதெல்லாம் அவன் அந்தஸ்துக்கு ஆகாது. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம். லிஃப்ட் கம்பெனி மேனேஜரே லிஃப்ட்டில் மாட்டினான் என்று ஊர் சிரிக்கும். அவன் தவிப்பது அவளுக்கு அல்வா சாப்பிடுவதுபோல் இருந்தது. காற்று வரும் சார், யாரும் செத்துட மாட்டாங்க என்று அவன் சொன்னதையே அவனுக்குப் பரிமாறினாள். ஒவ்வொரு போனுக்கும் அவன் குரல் ஒரு படி இறங்கியது. கடைசியில் கெஞ்சலுக்கே வந்துவிட்டான்.

"தப்புதாம்மா. ஆள் உள்ள இருந்தா அதுதான் மொதல்ல. பழையபடியே வச்சுக்க. போதுமா?"

"எங்கிட்ட சொன்னா எப்படி சார்? நெட்டைய லைன்ல சேக்கறேன். அவன் காதுல விழற மாதிரி சொல்லுங்க."

சொன்னான். ஒரு எழுத்து விடாமல் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சரி சார், கெளம்பிட்டேன்" என்றான் நெட்டை. "அக்கா, உள்ள எத்தனை பேரு?"

யார் போன் செய்தாலும் அவள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் கேட்பாள். இன்றைக்குக் கேட்கவில்லை.

"ரெண்டு பேரு" என்றான் மேனேஜர். "நானும் எங்கம்மாவும்."

"அம்மாவா? ஏன் சார் மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

பாவி, அவனுக்கு வாய் திறந்ததும் மீட்டிங்தான் வந்தது. அதைச் சொல்லி அவனை நார் நாராகக் கிழித்திருக்கலாம். ஆனால் அம்மாவை மறந்தது அவன் ஒருத்தன் மட்டும் இல்லையே.

"நெட்டை, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடு" என்றாள். பிறகு, "சார், போனை அம்மாகிட்ட குடுங்க."

போனில் மூச்சு இழுக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"கம்பெனிப் பொண்ணாம்மா?" என்றது தளர்ந்த குரல். "இவன் கத்தினதெல்லாம் மனசுல வச்சுக்காத. நான் கீழ உக்காந்துட்டேன். வேற யாராவது இப்படி மாட்டியிருந்தா அவங்கள மொதல்ல பாரும்மா."

"யாரும் மாட்டலம்மா. நீங்கதான் மொதல்ல" என்றாள் அவள்.