அந்த மூன்று எழுத்து

ஆர்டர் போட்டு இருபத்தாறு மணி நேரம் கழித்துத்தான் வங்கியிலிருந்து அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. ஆர்டரை ரத்து செய்ய அந்த இணையக் கடை கொடுத்திருந்த அவகாசம் இருபத்துநாலு.

அக்கா அப்போது பார்லரில் ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். செய்தியைப் படித்தாள். நூலைப் பல்லில் கடித்தபடியே அடுத்த புருவத்தையும் முடித்தாள். காசை வாங்கிக் கல்லாவில் போட்டு, ஆளை வழியனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு சுழல் நாற்காலி.

முந்நூற்றுப் பத்து ரிங்கிட் என்று நினைத்து வாங்கிய ஹேர் ஸ்டீமருக்குக் கணக்கிலிருந்து ஆயிரத்து முந்நூற்றுக்கு மேல் போயிருந்தது. விலை முந்நூற்றுப் பத்துதான். ஆனால் வெளிநாட்டுக் காசில். அவர்கள் காசு ஒன்றுக்கு நம் காசு நாலுக்கும் மேல். மாற்றிக் கொடுத்ததற்கு வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடித்திருந்தது. இரண்டாவது நாற்காலிக்கென்று அக்கா சேர்த்து வைத்திருந்ததில் முக்கால்வாசி காலி. திருப்பி அனுப்பலாம், அந்தக் கனத்தைக் கடல் தாண்டி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில். விசாரித்ததில் அதுவே விலையில் பாதியைத் தொட்டது.

சாயங்காலம் அத்தான் டயர் கடையிலிருந்து வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசியே தோலை உரிப்பார்.

“நானும் யோசிச்சேன், முந்நூத்திப் பத்துக்கு ஸ்டீமர் குடுக்கிற தர்மவான் எவன்டான்னு.” போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். “ஓடிபி மெசேஜ்லயே காசுக்குப் பக்கத்துல மூணு எழுத்து போட்டிருக்கான் பாரு. நம்ம காசுக்கு இந்த எழுத்தா வரும்?”

“கவனிக்கல” என்றாள் அக்கா.

“நான் இன்ச்சைக் கவனிக்காம டயர் வித்தா, முதலாளி என்னையே உருட்டி விட்டிருவாரு.”

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவின் தங்கை, சின்னவள், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஏனென்றால் அக்கா கவனித்திருந்தாள். ஓடிபி வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு தங்கையின் அறை வாசலில் வந்து நின்றாள். “ஏய், இந்த மூணு எழுத்து என்னடி? நம்ம காசுதானே? சீக்கிரம் சொல்லு, நேரம் ஓடுது.” சின்னவள் கட்டிலில் குப்புறப் படுத்து, ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு பூனை வழுக்கி விழும் வீடியோவில் இருந்தாள். “ஆமாக்கா” என்றாள். அக்கா எண்ணை அடித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

சின்னவளுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அலகு எழுதாமல் வரும் அறிக்கையைச் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புவாள். எதில் எத்தனை என்று சொல்லாத எண் வெறும் கிறுக்கல் என்று பக்கத்து மேசைக்காரியிடம் சற்று மிடுக்காகவே சொல்லியும் இருக்கிறாள். அந்த வாரம் முழுக்க அந்தப் பேனாவை எடுக்கவே கை கூசியது.

அக்கா எப்போது போட்டு உடைப்பாள் என்று காத்திருந்தாள். ‘தங்கச்சிகிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்’ என்று ஒரு வார்த்தை. அக்கா வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் தீர்ப்பு சொன்னார்.

“இனிமே பார்லருக்கு எது வாங்கினாலும் விஞ்ஞானி பாத்து வாங்கட்டும். உன் கார்டும் அவகிட்டயே இருக்கட்டும்.” வேதியியல் பட்டம் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் சின்னவளுக்கு அதுதான் பெயர்.

“சீப்பு வாங்கக்கூடவா?” என்றாள் அக்கா.

“ஹேர்பின் வாங்கக்கூட. பத்தாவதோட நின்னவளுக்கு எதுக்கு உலக வியாபாரம்?”

அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் சின்னவளைக் குடைந்தது. அந்தக் கார்டு வந்த அன்று, தன் பெயர் பொறித்திருந்த இடத்தை அக்கா விரலால் தடவித் தடவிப் பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அக்கா அதைப் பர்ஸிலிருந்து எடுத்து, கைக்குட்டையில் ஒரு துடை துடைத்து நீட்டினாள். சின்னவள் வாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

“ஏன்க்கா சொல்லல?”

அக்கா குழாயைத் திறந்துவிட்டாள், சத்தத்துக்காக. “என்னத்தச் சொல்ல? நீயும் பாத்துட்டுத்தானே சொன்ன. படிச்ச உனக்கே பிடிபடலன்னா எனக்கு மட்டும் என்ன விளங்கியிருக்கும்? உன்னையும் எதுக்கு அந்த மனுஷன் வாயில மாட்டிவிடணும்? விடு. அந்தத் தட்டை எடு.”

சின்னவள் தட்டை எடுத்தாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள். அக்கா திட்டியிருந்தால் தேவலாம். அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. எதுவானாலும் அக்கா வழியாகத்தான் போகும்.

“அத்தான்.”

“சொல்லு விஞ்ஞானி.”

கார்டை மேசையில் வைத்தாள். “இது அக்காகிட்டயே இருக்கட்டும்.”

“ஏன், பயமா?”

“அக்கா அந்த மூணு எழுத்தைக் கவனிச்சா. நம்ம காசுதானேன்னு என்கிட்ட வந்து கேட்டா. நான்தான் ஆமான்னேன்.”

அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்தார். “சரி, அதனால என்ன. எழுத்து பொடிசாத்தானே இருக்கு. உனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்.”

அக்காவுக்குக் கிடைக்காத சலுகை. சமையலறையில் குழாய் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசலில் நின்றாள். அத்தான் கொடுத்த சாக்கைச் சின்னவள் அப்படியே வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடலாம். யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

“தப்பாத் தெரியல அத்தான்” என்றாள், அக்காவைப் பார்த்து. “நான் போனைப் பாக்கவே இல்ல.”