சுறா வேண்டாம் மச்சாள்

படலையில் விழுந்த உதையில் தொட்டிலில் கிடந்த பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டது. கூடவே ஓட்டோக்காரனின் ஹோர்ன் வேறு. தனுஷியா எழும்பி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயா வாடகை வீட்டின் வாசலில், மீனுக்கு ஐஸ் போடுகிற பெரிய றெஜிபோம் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, காலால் படலையைத் தள்ளியபடி நின்றாள் கமலாசனி. தனுஷியாவின் புருசன் சயந்தனுக்கு மூத்த அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. சயந்தன் படலையைத் திறக்க ஓடினான்.

"பால் சுறா! ஐஸ் போட்டுக் கொண்டு வாறன். எட தம்பி, மரம் மாதிரி நிக்காமல் இதைப் பிடி!"

தனுஷியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வீடு வந்த நாள் முதல் அவளுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. அதைச் சயந்தன் அக்காவுக்குப் போனில் சொல்லியிருக்கிறான். சொன்னால் பின்னால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாதா? பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா வறை கொடுப்பது அவர்கள் வீட்டில் வேத வாக்கு.

ஆனால் தனுஷியா சுறா தின்னாதவள். கண்டியில் உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர். கலியாணமாகி வந்த கிழமையே சயந்தனின் சுறா ஈரல் எண்ணெய்க் குளிசைப் போத்தலைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள். அது கமலாசனிக்கும் தெரியும். பிள்ளை பசியில் அழுதால் இந்தக் கொள்கையெல்லாம் பறந்துவிடும் என்பது அவளுடைய கணக்கு.

"மச்சாள், எனக்குச் சுறா வேண்டாம்."

"உனக்கு ஆர் தாறது? பிள்ளைக்குத் தாறன். நீ இடையில நிக்கிற ஆள்."

குசினிக்குள் போனவள் உடுப்புக்கூட மாற்றவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டு மீனை எடுத்துப் போட்டாள்.

"வயிறு பெருத்ததாப் பாத்துப் பொறுக்கினனான். அதிலதான் சத்து."

கத்தி ஒரு இழுவை இழுத்தது. வயிறு பிளந்து விரல் நீளத்தில் மூன்று குட்டிகள் வழுக்கி வெளியே வந்தன. மூன்றும் கொடியோடு இருந்தன. குசினி வாசலில் நின்ற தனுஷியா தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். தையல் இன்னும் ஆறவில்லை.

"போன கிழமை என்ர வயித்திலயும் இப்படித்தான் ஒண்டு கொடியோட கிடந்தது, மச்சாள்."

"விசர்க் கதை கதையாதை! மீனும் மனிசரும் ஒண்டே? நாளைக்கு முட்டையும் வேண்டாமெண்டு சொல்லுவாய்."

"கோழி நாளைக்கும் முட்டை இடும். இது வளந்து ஆளாகி, நாலைஞ்சு குட்டியைச் சுமந்து பெற எவ்வளவு காலம் எடுக்கும் தெரியுமே? வயித்துப் பிள்ளையோட வாரி எடுத்தால் கடலில என்ன மிஞ்சும்?"

சயந்தன் மெல்ல வாயைத் திறந்தான். "சில சுறாவைப் பிடிக்கச் சட்டமும் விடாது, அக்கா."

"இது அந்தச் சாதியில்லை. பட்டப்பகலில சந்தையில வித்தது. வேணுமெண்டால் பொலிசைக் கூப்பிடு!"

"சட்டம் விட்டாலும் நான் விடமாட்டன்" என்றாள் தனுஷியா.

மத்தியானம் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் முருங்கையிலையும் சேர்ந்த வறை வாசம் வீட்டை நிறைத்தது. பிள்ளையோ மார்பில் வாய் வைப்பதும், இரண்டு உறிஞ்சலில் முகத்தைத் திருப்பிக் கத்துவதுமாக இருந்தது. கத்திக் கத்தி அதன் தொண்டை கட்டிவிட்டது. கமலாசனி வறை போட்ட சோற்றுக் கோப்பையோடு கட்டிலடிக்கு வந்தாள்.

"ஒரு வாய். பிள்ளைக்கு ஒண்டெண்டால் ஊர் என்னைக் கேக்காது, உன்னைத்தான் கேக்கும். தாய்க்காரி சுறாவுக்கு வக்கீலாம், பிள்ளை பட்டினியாம்!"

அந்தச் சொல் தைத்தது. தனுஷியாவுக்குக் கண் கலங்கியது. காலையில் வந்த மருத்துவிச்சி, பயப்படாமல் அடிக்கடி பிள்ளையை மார்பில் போடு, பால் தானாக இறங்கும் என்றுதான் சொன்னாள். சுறாவில் பாதரசம் அதிகம், பால் கொடுக்கிறவளுக்கு அது கூடாது என்றும் சொன்னாள். ஆனாலும் இறங்காவிட்டால்? பிள்ளையின் நிறை இன்னும் குறைந்தால்?

"ஒரு வாய்தானே, தனு..." என்றான் சயந்தன்.

"அப்ப நீங்கள் தின்னுங்கோ. உங்களுக்குச் சுரக்குதோ பாப்பம்."

அவன் கட்டிலில் கிடந்த பிள்ளையின் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

தனுஷியா கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, இருவருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தாள். பிள்ளை கத்தியது, தோளில் போட்டுத் தட்டினாள். திரும்ப மார்பில் வைத்தாள். கத்தியது. திரும்ப வைத்தாள். வெளியே மழை வந்து விட்டுப் போனது. முதுகுக்குப் பின்னால் கோப்பையோடு மச்சாள் நிற்பது தெரிந்தும் அவள் திரும்பவேயில்லை.

பின்னேரத் தேத்தண்ணி நேரம் கடந்தபோது மார்பில் சுள்ளென்று ஒரு கூச்சம் பரவியது. பிள்ளையின் தாடை நிதானமாக அசைந்தது. மடக், மடக்கென்று விழுங்குகிற சத்தம். கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது. சயந்தன் ஓடிவந்து எட்டிப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

தனுஷியா அப்போதுதான் திரும்பினாள். "கோப்பையைக் கொண்டு போங்கோ, மச்சாள். நாளைக்கு இது வத்திப் போனாலும் நான் சுறா தின்னமாட்டன்."

அடுத்த சுடுசொல்லுக்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். அது வரவில்லை. கமலாசனி கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பால் குடிக்கிற அந்தச் சின்ன வாயையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ர மூத்தவனுக்கு நான் பிள்ளை பெத்த துடக்குக் கழியும் மட்டும் மூண்டு நேரமும் சுறாதான் திண்டனான், தனு. ஒரு சொட்டும் வரேல்லை."