எட்டுக் கோரா, பதினாறு கோரா

“கேமுக்கா, வேலைக்காங்க?” என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“ரெண்டுக்கும்தான்,” என்று அவளும் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

“ரெண்டுக்கும்னு எல்லாருமேதான் சொல்றாங்க. எது அதிகம்னு சொன்னா கையில எடுத்துக் குடுத்துடுவேன்.”

கண்ணாடி மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் கணினிக்கு மூளையான எட்டுக் கோர் பிராசஸர், கூடவே பெரிய கேஷ் நினைவகம். விளையாட்டுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. மற்றதில் பதினாறு கோர். படம் செய்கிறவர்கள், வீடியோ வெட்டுகிறவர்கள் எல்லாம் வாங்கிப் போவது அதைத்தான். விலை ஏறக்குறைய ஒன்றே. கடைக்காரர் காதுக்குப் பின்னால் செருகியிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு பெட்டிகளையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு நாற்பத்தாறு வயதுப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று கொஞ்சம் யோசித்து, “கேம் பிள்ளைங்களுக்குங்களா?” என்றார்.

“எனக்குத்தான்.”

மனிதர் நல்லவர். எச்சிலை விழுங்கியதோடு சரி, சிரிக்கவில்லை.

உண்மையில் அவளுக்கு யாருடைய யோசனையும் தேவைப்படவில்லை. மூன்று வாரமாக இந்த இரண்டு பிராசஸர்களைப் பற்றி வந்த சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தாள். எது எத்தனை டிகிரி சூடாகும், எது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளுடைய பிழைப்பு, இன்னும் கட்டப்படாத வீடுகளின் படங்களைச் செய்து கொடுப்பது. பில்டர் வரைபடம் அனுப்புவார். அவள் சுவர் எழுப்பி, சன்னல் வைத்து, சாயங்கால வெயிலை உள்ளே விட்டு, சோபா போடுவாள். கடைசியில் ஆட்களை வைப்பாள். ஆட்கள் கணினியிலேயே தயாராக இருந்தார்கள். பேப்பர் படிக்கும் வழுக்கைத் தலைக்காரர், கையில் கோப்பையோடு ஒரு பெண், தரையில் உட்கார்ந்து சிரிக்கும் இரண்டு குழந்தைகள். அவள் செய்து கொடுத்த அத்தனை வீடுகளிலும் ஏழெட்டு வருடமாக இதே குடும்பம்தான் குடியிருந்தது. ஒருமுறை பில்டர், “மேடம், இந்த வழுக்கையை மாத்துங்க, எல்லா ப்ராஜெக்ட்லயும் இவரே வீடு வாங்கறாரு,” என்று கேலி செய்தார். அவள் மாற்றவில்லை. பழகிப்போன முகம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டாள்.

ஒரு படத்தை முடிக்கப் பழைய கணினி நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதுவரை வேறு எதையும் திறக்க முடியாது. சின்னச் சின்னக் கட்டங்களாகப் படம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு, தான் ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டில், ஐந்து பேர் உட்காரும் மேசையின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். புத்தி உள்ளவர்கள் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பதினாறைத்தான் வாங்குவார்கள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அந்தத் தீவு இருந்ததே.

தீவு என்பது ஒரு விளையாட்டு. புயலில் சிதைந்துபோன தீவு ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து செப்பனிட வேண்டும். அவளும் தம்பியும் அதை ஆறு வருடம் விளையாடினார்கள். தம்பி அவளுக்கு எட்டு வருடம் இளையவன். வெளிநாட்டில் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணி நேரம், அவன் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் படகுத்துறை கட்டினார்கள், கிணற்றில் தூர் வாரினார்கள். நடுநடுவே அலுவலகத்து வம்பு, அவனுடைய தலைமுடி கொட்டுவது, அப்பாவின் பிடிவாதம் எல்லாம் பேசுவார்கள். கடைசியாக ஒரு பாலத்தின் முன்னால் நின்றார்கள். அந்தப் பாலத்தை இறக்க இரண்டு பக்கமும் உள்ள பிடிகளை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. பதினான்கு மாதமாகிறது.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அப்போதுதான். “அவன்கிட்ட சொல்லாதே, புது வேலையில இப்பத்தான் சேந்திருக்கான், பதறிடுவான்,” என்றார் அப்பா. அவளும் சரி என்று விட்டாள். பதினோரு நாள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னாள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துத் தீவில் கல் சுமந்தாள். பன்னிரண்டாம் நாள் உண்மையைச் சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் கத்தவில்லை, சண்டை போடவில்லை. திரும்பிப் போகும் அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டான்.

“அந்த ஞாயித்துக்கிழமைகூட என்கூட விளையாடிட்டு இருந்தியேக்கா?”

அதன்பிறகு அவன் தீவுக்கு வரவில்லை. பிறந்தநாளுக்கு அவள் வாழ்த்து அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அவ்வளவுதான்.

“தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்,” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று, நாலு முறை அடித்து அடித்து எழுதினாள். ‘புது கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். எட்டுக் கோரா, பதினாறா? வேலைக்கும் கேமுக்கும்.’ கேமுக்கும் என்ற சொல்லை அழித்தாள், பிறகு சேர்த்தாள், மறுபடி அழித்தாள், மறுபடி சேர்த்தாள். கடைசியில் பஸ் வந்துவிட்டதால் சேர்த்தபடியே போய்விட்டது.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. ‘என்ன மதர்போர்டு? பவர் சப்ளை எத்தனை வாட்?’

எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. இருந்தாலும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று சிக்கனமாகக் கேட்டாள். சூட்டைக் குறைக்கக் கூலர் காற்றா, தண்ணீரா? ராம் மெமரி இரண்டு போதுமா, நாலு வேண்டுமா? எல்லாவற்றுக்கும் விடை அவளுக்குத் தெரிந்ததுதான். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக, விலாவாரியாக, உபயோகக் கையேடு மாதிரி பதில் எழுதினான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்பது நாள் இப்படியே ஓடியது. பத்தாம் நாள் அவளிடம் கேள்வி தீர்ந்துபோய், சுற்றி வளைத்து முதல் கேள்வியையே மறுபடி கேட்டாள். எதைத்தான் வாங்கட்டும்?

‘பதினாறு உன் வேலைக்கு நல்லது. எட்டு கேமுக்கு. முடிவு உன்னுது. எனக்கும் சேத்து முடிவு எடுக்கறவதானே நீ.’

நின்றுகொண்டு படித்தாள். அப்புறம் உட்கார்ந்து படித்தாள். சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. மறுநாள் காலையில் கடைக்குப் போய் எட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். கடைக்காரர், “அப்ப கேம்தான் ஜாஸ்தியா?” என்றார். “ஜாஸ்தியாகும்னு நினைக்கறேன்,” என்றாள். பெட்டியைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்று காட்டியது. இரண்டு நாளாகியும் பதில் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஐந்து பேர் மேசையை முழுக்கத் துடைத்துக் கணினியை மாட்ட உட்கார்ந்தாள். அவளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. தம்பி பள்ளிக்கூடம் படிக்கும்போது இதே மேசையில் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிய முதல் கணினி, முதல் அழுத்திலேயே உயிர் வந்து ஓடியது. பிராசஸரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல், தானாக உட்காரும்படி விட்டாள். அதன்மேல் பட்டாணி அளவுக்குச் சூடு கடத்தும் பசை. கூலரின் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரிக்க மறக்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்டைச் செருகி, ஒயர்களை இழுத்துக் கட்டி, மானிட்டரின் கேபிளையும் மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரையில் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது.

எங்கே தப்பு என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தவள், பார்த்த கணமே தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பது வருடப் பழக்கதோஷம். பழைய கணினியில் மாட்டியிருந்த மாதிரியே கேபிளை மேலே, போர்டில் மாட்டியிருந்தாள். இந்தப் பிராசஸருக்குச் சொந்தமாகப் படம் காட்டத் தெரியாது. மேலே மாட்டினால் எதுவும் வராது. கீழே கார்டில் மாட்ட வேண்டும். ஒரு சாண் தூரம். கேபிளைப் பிடித்தாள். இழுத்தால் வந்துவிடும்.

கையை எடுத்துக்கொண்டாள்.

அவளிடம் வேறு கேள்வியே பாக்கி இல்லை. தெரியாமல் விழுந்த இந்த ஒன்றுதான் மிச்சம். போனை எடுத்து, யோசித்தால் செய்ய மாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல், வீடியோவில் கூப்பிட்டாள். மணி நீளமாக அடித்தது. எடுத்துவிட்டான். முகம் இளைத்திருந்தது. காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

“என்னக்கா?”

“படம் வரலடா.”

“ஃபேன் சுத்துதா?”

“சுத்துது. லைட்டும் எரியுது. என்னன்னே தெரியல.”

மறுபடியும் பொய். பதினோரு நாள் சொன்னது போதாது என்று, பதினான்கு மாதம் கழித்து எடுத்த எடுப்பிலேயே இன்னொன்று. வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

“பின்பக்கம் காட்டு,” என்றான் அவன்.

கேமராவைத் திருப்பிக் காட்டினாள். சன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. மேலே போர்டில் கறுப்புக் கேபிள் தொங்கியது. கீழே கார்டின் வாய்கள், ரப்பர் மூடிகூடக் கழற்றாமல், காலியாக இருந்தன. கண் உள்ளவர் எவருக்கும் தெரியும். அவன் திரையை நெருங்கி வந்தான். அவன் கண்கள் ஓர் இடத்தில் போய் நின்றதை அவள் பார்த்தாள். இப்போது சொல்வான். கேபிளை மாத்திக் குத்துக்கா என்று ஒரே வாக்கியம். அதோடு போனை வைத்துவிடுவான். அவள் காத்திருந்தாள்.

அவன் பின்னால் நகர்ந்து, எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“எட்டுதான் வாங்கினியா?”

“ம்.”

“உன் வேலைக்கு மெதுவா இருக்குமே.”

“இருக்கட்டும்.”

அவன் முகத்தை ஒருமுறை கையால் அழுத்தித் துடைத்தான். “சரி. முதல்ல ஆஃப் பண்ணிட்டு ரெண்டு ராமையும் கழட்டு. ஒண்ணொண்ணா மாட்டிப் பாக்கலாம். அதுலயும் வரலன்னா, பிராசஸரை எடுத்துத் திரும்ப உக்கார வைக்கலாம்.”

“ரொம்ப நேரமாகுமேடா. உனக்கு வேலை இல்லையா?”

“இல்ல. நீ ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வா.”

அவள் பிராசஸர் வந்த பெட்டியை நிமிர்த்தி வைத்து, போனை அதன்மேல் சாய்த்தாள். கணினியை மெதுவாகப் படுக்கவைத்தாள். பக்கத்து மூடியின் முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். அவன் கன்னத்தில் கை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில், மாற்றி மாட்டிய கேபிள் அதே இடத்தில், அவர்கள் இருவரும் நன்றாகப் பார்க்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது.