கூரை மேல் ஓர் ஆயுதம்

எங்கள் வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, எந்தப் படத்துக்கு ஷூட்டிங் என்பதுதான். நம் ஊரில் கேரவன் என்றால் உள்ளே ஒரு நடிகர் இருந்தாக வேண்டும். இதற்குள் இருந்தது நான். பெயர் தேவிப்பிரியா, பெரியகுளத்துக்காரி, ஒரு மென்பொருள் கம்பெனியில் நெட்வொர்க் வேலை. கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று புகுந்த வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும், மூக்கு என்னுடையதுதானே.

வண்டியை வீடாக்கியவன் என் கணவன் கார்த்திகேசன். ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் பிறந்து வளர்ந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்துக்கொண்டிருந்த டிசைன் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் போட்டுக் கட்டில், அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் தன் கையால் செய்தான். வெயில் இறங்காமல் இருக்கச் சுவரிலும் கூரையிலும் வெள்ளி நிற அலுமினியத் தாளை வைத்துப் பலகை அடித்தான். வண்டி குளுகுளுவென்று இருந்தது. ஆனால் கைபேசியை உள்ளே கொண்டுவந்தால் அது செத்துவிடும். அலுமினியத்தைத் தாண்டி சிக்னல் வராது என்று அவனுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். அதற்காகத்தான் கூரைக்கு வெளியே ஓர் ஆன்டெனா வைத்தோம். கவிழ்த்த சோற்றுச் சட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் உள்ளே இறங்கி ரவுட்டருக்கு வரும், ரவுட்டரிலிருந்து என் லேப்டாப்புக்கு இன்டர்நெட் வரும். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே நான் வேலை பார்க்க வேண்டும், அவன் ஓட்ட வேண்டும், இதுதான் எங்கள் திட்டம்.

திட்டத்துக்குச் சாவி என் மேலாளர் ரோஷினியின் கையில் இருந்தது. நல்ல பெண், ஆனால் வார்த்தையில் கறார். ஒரு வாரம் வண்டியிலிருந்தே வேலை செய்து காட்டச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கூட்டம் இருந்தது. அது அறுபடாமல் முடிந்தால் ஆறு மாதம் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், அறுந்தால் திங்கட்கிழமை முதல் சிறுசேரி அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்றாள். ஆவடியிலிருந்து தினமும் சிறுசேரிக்குப் போய் வருகிறவர்களைக் கேளுங்கள், அது வேலையா தண்டனையா என்று சொல்வார்கள். எங்கள் கம்பெனிப் பாதுகாப்பு விதிப்படி என் லேப்டாப் இரண்டே இணைப்புகளைத்தான் ஏற்கும். ஒன்று கோவில்பதாகை வீட்டு வைஃபை, இன்னொன்று வண்டியின் ரவுட்டர். கைபேசியிலிருந்து எடுத்தால் திறக்கவே திறக்காது.

எனக்குப் பயம் இல்லை. நெட்வொர்க்கில் ஊறிப்போனவள் நான், ஒரு வண்டிக்கு இன்டர்நெட் கொடுக்க முடியாதா என்ன?

கிளம்புவதற்கு முன் ஆயுத பூஜை வந்தது. என் மாமியார் வேம்புலியம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அங்கே எல்லா மெஷினுக்கும் ஜிகினா கட்டுவது அவர்தான். வேறு யாராவது கை வைத்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எங்கள் வண்டியை மட்டும் விட்டுவிடுவாரா? வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி மாலை எல்லாம் வந்து இறங்கின. என்னைக் கூப்பிட்டு, இந்த வண்டியிலேயே ரொம்ப முக்கியமான ஆயுதம் எது என்று கேட்டார். ஸ்டியரிங், இன்ஜின் என்று கார்த்தி ஏதோ சொன்னான். நான் கூரையைக் காட்டி, அதுதான் அத்தை என் ஆயுதம், அது இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பே இல்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மாடிக்கு ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தபோது வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. கூரை மேல் என் ஆயுதம் சிவப்பும் தங்கமுமாகத் தகதகவென்று மின்னியது. பார்த்தேன், ரசித்தேன், போட்டோ எடுத்து என் அம்மாவுக்கும் அனுப்பினேன். பூஜைக்குக் கட்டியதைக் கையால் பிய்க்கக் கூடாது, அதுவாக வெளுத்து அதுவாக விழ வேண்டும் என்பது அத்தை வீட்டு வழக்கம். பிய்த்தால் வண்டிக்கு ஆகாதாம்.

நாங்கள் போவது அத்தைக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. பூசணிக்காயை உடைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஊடு கீது, ஊட்ல நெட்டும் கீது. அப்பறம் இன்னாத்துக்கு ரோட்ல குடித்தனம்?" என்றார். நாங்கள் சிரித்து மழுப்பிவிட்டு வண்டியை எடுத்தோம்.

சோதனை வாரம் என்பதால் தூரம் போகவில்லை. முதலில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நிறுத்தினோம். லேப்டாப்பைத் திறந்தேன். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் பச்சையாகும், ரோஷினி "ஹலோ" என்பாள், மறுபடி சிவப்பாகும். டவர் சரியில்லை என்று முடிவு கட்டி வெள்ளானூருக்கு ஓட்டச் சொன்னேன். அங்கேயும் அதே கதை. சிம்மை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு, அதை விற்ற அப்துல் ரசாக்கின் பூந்தமல்லி கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அந்த மனிதர் ரவுட்டருக்குச் சின்னக் கொம்பு ஆன்டெனா இரண்டைத் திருகி, கடையிலேயே ஓட விட்டுக் காட்டினார். குதிரை மாதிரி ஓடியது.

வண்டிக்குத் திரும்பியதும் கார்த்தி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியை எடுத்து விட்டான். அன்று ராத்திரி அவனுக்கு உப்புமாதான்.

ஆன்டெனாவைப் பார்க்கச் சொன்னேன். பின்பக்க ஏணியில் வாழைக்கன்று கட்டியிருந்ததால் அவன் ஏறவில்லை. கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, நன்றாக ஜொலிக்கிறது என்றான். நானும் அதை நம்பி வயரைச் சோதித்தேன், மென்பொருளைச் சோதித்தேன், என் பொறுமையைச் சோதித்தேன். ரோஷினியின் குரலில் கரிசனம் ஏறிக்கொண்டே வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கே வந்தோம். ரவுட்டரில் இருந்த சிம்மைக் கைபேசியில் போட்டுக்கொண்டு வெளியே நின்று பார்த்தேன். சிக்னல் கட்டை கட்டையாக முழுதாக நின்றது. டவரில் கோளாறு இல்லை, சிம்மில் இல்லை, ரவுட்டரிலும் இல்லை. கூட்டத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம், பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கார்த்தி தணிந்த குரலில் சொன்னான். வீட்டு இணைப்பில் பேசினால் அது ரோஷினியின் திரையிலேயே தெரிந்துவிடும், கூட்டம் பிழைக்கும், பயணம் அங்கேயே செத்துவிடும். மாட்டேன் என்றேன். அழுகையை விடக் கோபம் எனக்குப் பழக்கம் என்பதால் டயரை ஓர் உதை உதைத்தேன்.

அப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து அத்தை இறங்கினார். கையில் டிபன் கேரியர். பிள்ளைகள் ரோட்டில் என்ன தின்கிறார்களோ என்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கார்த்தியிடம் இடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கூரையைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, நேத்து அடிச்ச மழைக்கு ஒண்ணும் ஆவல. உள்ள தண்ணி எறங்கக் கூடாதுன்னு மெஷினுக்குச் சுத்தற கெட்டி ஜிகினா தாளு வாங்கியாந்து, நாலு சுத்து சுத்தி டேப்பு போட்டேன்."

நாலு சுத்து. தகதகவென்று மின்னும் உலோகப் பூச்சுத் தாள். அலுமினியத் தாளைப் பற்றி வகுப்பெடுத்த நான், அதையே என் ஆன்டெனாவுக்குச் சட்டையாகப் போட்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். என் மேல் வந்த கோபத்தை என் மேலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"நாங்க போகக் கூடாதுன்னுதானே அத்தை இப்படிச் சுத்துனீங்க?"

கார்த்தி என் கையைப் பிடித்தான். அத்தைக்கு முதலில் புரியவில்லை. அந்தத் தாளுக்குள் சிக்னல் நுழையாது, ஒரு வாரமாக அதனால்தான் அல்லாடுகிறோம், இன்னும் கொஞ்ச நேரத்தில் என் வேலை என்னாகும் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. நான் கத்தரிக்கோலோடு ஏணியில் காலை வைத்தேன்.

"எறங்கு," என்றார். "நீ கைய வெக்காத. கட்னவ நானு, அவுக்கறவளும் நானே. தோசம் இன்னா கீதோ அது எந்தலைல வுழட்டும், ஓடற வண்டி மேல வுழ வேணாம்."

கேரியரை என் கையில் கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகி, வாழைக்கன்றை ஒதுக்கிவிட்டு ஏறினார். கார்த்தி ஏணியைப் பிடித்துக்கொண்டான். மேலே போனதும் அந்தச் சட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கத்தரிக்கோல் வேண்டாம் என்றுவிட்டார். டேப்பை நகத்தால் நெம்பி, ஒவ்வொரு சுற்றாக, எப்படிச் சுற்றினாரோ அப்படியே அவிழ்த்தார். கிழியாமல் எடுக்க வேண்டும் என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததைக் கீழே நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சுற்று அவிழாமல் இருந்தால் அவர் பிள்ளை திங்கட்கிழமை வீட்டில் இருப்பான். அது எனக்குத் தெரிந்த மாதிரியே அவருக்கும் தெரியும்.

உள்ளே ஓடி, கைபேசியில் இருந்த சிம்மைத் திரும்ப ரவுட்டரில் போட்டேன். ரவுட்டரில் சிவப்பு, சிவப்பு, பிறகு பச்சை. அந்தப் பச்சை அப்படியே நின்றது.

கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன். முடிந்த பிறகு ரோஷினி மட்டும் இணைப்பில் இருந்து, திங்கட்கிழமை எந்த ஊரிலிருந்து வருவாய் என்று கேட்டாள். ஏலகிரி என்றேன். சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தாள்.

வெளியே வந்தபோது அத்தை வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஜிகினாத் தாளை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் சொன்னது தப்பு அத்தை என்றேன்.

"தப்புதான்," என்றார். "நீங்க போறது எனக்குப் புடிக்கல. அத மூஞ்சிக்கு நேரா சொன்னேன். புடிக்கலன்னா வாயால சொல்லுவேனே தவிர சாமி பேர சொல்லி சுத்த மாட்டேன்."

அழுதேன். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சோறு ஆறிவிட்டது, தின்னச் சொன்னார். மூவரும் வண்டிக்குள் உட்கார்ந்து காரக்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டோம். சிக்னலுக்கு இடைஞ்சல் இல்லாத இடம் எது என்று என்னைக் கேட்டு, அந்தத் தாளை முன்பக்க பம்பரில் அவரே கட்டினார். கொஞ்சமும் தொங்காமல் இழுத்துக் கட்டினார்.

வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறோம் என்றான் கார்த்தி. அவர் ஒப்பவில்லை. பூசணிக்காய் உடைத்துப் புறப்பட்ட வண்டி பாதியில் வீட்டு வாசலுக்குத் திரும்பக் கூடாதாம். காலிக் கேரியரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக மெயின் ரோட்டை நோக்கி நடந்தார். முதுகு நேராக இருந்தது. நடைதான் எப்போதும் போல இல்லை.

நான் வண்டிக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைபேசியை வண்டியின் வைஃபையில் இணைத்து அவருக்கு வீடியோ கால் போட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் நின்றார், பையைத் துழாவினார், போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். திரும்பினால் கூப்பிடு தூரத்தில் நான் இருக்கிறேன். அவர் திரும்பவில்லை.

"தெரியறேனா அத்தை?" என்றேன்.

திரையை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்லா தெரியற. இப்டியே தெரிஞ்சிகினு இரு," என்றார். "போய்ட்டு வாங்க."