பனி காய்ந்த பிறகு

சோமசேகரம் அண்ணையின் மனைவி புஷ்பவதி அக்கா கனடாவுக்குப் போனது மகள் கீர்த்தனியின் பிள்ளைப்பேறு பார்க்க. மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனவர். அந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்து, நடந்து, இப்போது நேர்சரிக்கும் போகிறதாம். புஷ்பவதி அக்கா மட்டும் வந்தபாடில்லை.

கட்டைபறிச்சானில் எங்கள் ஒழுங்கையில் இதைப் பற்றி அக்கறையில்லாதவர் எவருமில்லை. எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை. என் வீடு அவருடைய வீட்டுக்கு அடுத்தது, இடையில் உள்ள மதிலும் உயரம் குறைவு. அவர் பாண் வாங்கப் போனால் நான் கேட்பேன், "அக்கா எப்ப வாறா?" எதிர்வீட்டு நிரோஜினி கேட்பாள். கடைக்காரச் சசிகரன் பாணைச் சுற்றிக் கொடுக்கும்போது கேட்பான். நல்லெண்ணத்தில்தான். "வருவா, வருவா" என்பார். முதல் வருடம் நின்று சொன்னார். பிறகு நடந்துகொண்டே சொன்னார். பிறகு பாண் வாங்குவதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் தோப்பூரில் இருந்து இரண்டு செம்மறிகளை வாங்கி வந்தார். கந்தோரில் முப்பது வருடம் பேனை பிடித்த மனிதர். ஆட்டுக்குத் தலை எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் கயிறு கட்டியிருப்பார். இரண்டு, ஒன்பதானது. விடிய ஐந்து மணிக்கு, ஒழுங்கையில் ஒருவரும் எழும்பாத நேரம், ஓட்டிக்கொண்டுபோய்க் குளத்தடியில் மேயவிட்டு, ஏழு மணிக்கு முன் வீட்டுக்குள் புகுந்துவிடுவார். ஒவ்வொரு நாளும் அதே குளத்தடி, அதே புல்.

ஒருவரும் எழும்பாத நேரம் என்று அவர்தான் நினைத்திருந்தார். நான் எழும்பிவிடுவேன். ஜன்னலை ஒரு விரலளவு திறந்து பார்ப்பேன். ஆடுகளோடு பேசிக்கொண்டு போவார். என்ன பேசுகிறார் என்பது மட்டும் கேட்காது; அது எனக்குப் பெரிய குறை.

"விடியப் புல்லில சத்துக் கூட, தங்கச்சி" என்று ஒருநாள் மதிலுக்கு மேலால் சொன்னார். நான் நம்பியதாகத் தலையாட்டினேன்.

மழை விட்டுத் தை மாதத்துப் பனி கொட்டிய நாட்களில் ஆடுகள் மெலியத் தொடங்கின. உடம்பெல்லாம் எலும்பு, தாடைக்குக் கீழே மட்டும் தண்ணீர்ப் பை கட்டித் தொங்கவிட்டது மாதிரி வீக்கம். நிரோஜினி கண்ணூறு என்றாள். கண்ணூறு படும்படி அதுகளில் என்ன இருந்தது என்று நான் கேட்டேன். ஒரு கிழமைக்குள் இரண்டு செத்தன. அவர் தனியாகவே கிடங்கு வெட்டிப் புதைத்தார். உதவிக்கு ஆளைக் கூப்பிட்டால் கதைக்க வேண்டி வரும் அல்லவா.

மூன்றாவது ஆடு படுத்த அன்று மூதூரில் இருந்து மிருக வைத்தியர் வந்தார். பஸ்மியா என்று பெயர், சின்ன வயசு. நான் ஒரு கிண்ணம் கத்தரிக்காய்க் குழம்போடு உடனே போய்விட்டேன். சோமண்ணை சாப்பிட்டாரோ என்னவோ என்ற கவலைதான்.

டொக்டர் ஆட்டின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை.

"சிவப்பா இருக்கணும் ஐயா. இதுட ரத்தத்தையெல்லாம் வயித்துப் புழு குடிச்சிட்டு. எத்தன மணிக்கு மேய விடுறீங்க?"

"ஐஞ்சு மணிக்கு."

"பனிக்குள்ளேயா? புழுக்கையில இருக்கிற முட்ட பொரிச்சு, குஞ்சுப் புழு அந்த ஈரத்தில ஊர்ந்து புல்லு நுனிக்கு ஏறி நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆடு அதையும் சேத்துத்தான் தின்னும். வெயில் ஏறிப் புல்லுக் காஞ்சா அது கீழ இறங்கிரும். மருந்து தாறன். ஆனா பத்து மணிக்குப் பொறகுதான் வெளிய விடணும். அந்தக் குளத்தடியும் கொஞ்ச மாசத்துக்கு வேணாம். வேற இடம் இல்லையா?"

"கோயிலுக்கு அங்கால தரவை இருக்கு. நல்ல மேய்ச்சல்தான்."

"பொறகென்ன? என்னத்துக்கு விடியச் சாமத்தில கொண்டு போறீங்க?"

கோயிலுக்கு அப்பால் போக முழு ஒழுங்கையையும் தாண்ட வேண்டும். என் படலை, நிரோஜினியின் படலை, சசிகரனின் கடை. பத்து மணி என்றால் நாங்கள் மூன்று பேரும் வெளியில்தான் நிற்போம்.

அவர் டொக்டரை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். யாரிடம் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் நான். அன்று கிண்ணத்தை வைக்க இடம் தேடினேன்.

மூன்று நாள் ஆடுகள் வெளியே வரவில்லை. முற்றத்துப் பூவரசில் குழை வெட்டிப் போட்டார். மரம் மொட்டையானது. மிச்சம் இருந்த ஏழும் பசியில் கத்திய கத்தில் எனக்குத் தொலைக்காட்சி நாடகம்கூடக் கேட்கவில்லை. நாலாம் நாள் பத்தரைக்கு அவருடைய படலை திறந்தது.

கந்தோருக்குப் போகிறவர் போலத் தலை வாரி இழுத்து, சேட்டுப் போட்டு, ஏழு ஆடுகளோடு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நிரோஜினிக்கும் கண் காட்டினேன். அவள் என் கண்ணையா பார்ப்பாள்?

"மாமா! எத்தினை நாள் கண்டு! மாமி எப்ப வாறா?"

அவர் நின்றார். ஆடுகளும் நின்றன.

"அவ வரமாட்டா, பிள்ளை." சசிகரனுக்கும் கேட்கட்டும் என்பது போலச் சத்தமாகவே சொன்னார். "போன வருசமே சொல்லிப்போட்டா. இஞ்ச வந்து என்ன செய்யிறது எண்டு கேட்டவ. எனக்கும் பதில் சொல்லத் தெரியேல்லை."

பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கடை வாசலில் தொங்கிய வாழைக்குலையில் ஒன்று வாய் வைத்தது. சசிகரன் துரத்தவில்லை.

இத்தனை நாள் நாங்கள் கேட்டதற்கு ஒரே மூச்சில் பதில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அவரிடம் கேட்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. பத்து மணிக்கு அவர் தலை தெரிந்தால் நிரோஜினிக்கு அடுப்பு ஞாபகம் வரும். சசிகரன் போனை நோண்டுவான். முன்பெல்லாம் நிலத்தைப் பார்த்து நடந்த மனிதர், இப்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகிறார்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. "ஆடுகள் எப்பிடி, சோமண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சட்டென்று நின்றார். பக்கத்தில் நின்ற ஆட்டின் தலையை அணைத்துப் பிடித்து இமையை இழுத்தார். "இஞ்ச வந்து பாருங்கோ தங்கச்சி. சிவந்திட்டுது!" முட்டை, புழுக்கை, பனி, புல் நுனி என்று தொடங்கினார். டொக்டர் சொல்லும்போது நான் பக்கத்திலேயே நின்றவள் என்பதை மறந்துவிட்டார். கால் மணி நேரம் கேட்டேன். உள்ளே சூடைமீன் குழம்பு அடிப்பிடிக்கும் மணம் வந்தது.

"ஒரு நிமிசம் அண்ணை, வாறன்" என்று குசினிக்கு ஓடினேன். குசினி ஜன்னலால் பார்த்தால் அவர் அந்த இமையை விடாமல் பிடித்துக்கொண்டு என் வாசலையே பார்த்தபடி நிற்கிறார். ஆடும் பாவம், பொறுமையாகத்தான் நின்றது.

குழம்பை இறக்கி, எரிந்ததைச் சுரண்டி, கை கழுவி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தபோது ஒழுங்கையில் புழுக்கை மட்டும் கிடந்தது.