தேவாரத்துப் புளியமரத்தின் நிழல்

கர்ணனை ஜெயமங்கலத்துச் சாவடித் தூணில் கட்டியிருந்தார்கள். ராக்கப்பனின் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தவன் அவன்தான் என்று சாட்சி சொன்னவர் பங்கிராஸ் வாத்தியார். நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஜெயமங்கலத்துக்குத் தெற்கே ஒரு எரிநட்சத்திரம் ஊரையே பகலாக்கிக்கொண்டு போனது. அந்த வெளிச்சத்தில் தலையில் சிவப்பு உருமால் கட்டிய ஒருவன் படப்போரம் ஓடினான். ஊரில் சிவப்பு உருமால் கட்டுகிறவன் கர்ணன் ஒருவன்தானே! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"அந்நேரம் நான் தேவாரத்துச் சந்தையில நின்னேன் வாத்தியாரே" என்றான் கர்ணன். விடிய ஊருக்குள் வந்தவனை அப்படியே பிடித்துக் கட்டியிருந்தார்கள்.

பத்து மணிக்குப் போலீஸ் வரும். அதற்குள் தெற்கே இருக்கும் தேவாரத்திலிருந்து வரும் பஸ்ஸில் சுருளிவேல் வந்து இறங்கினார். அந்த ஊர் ஏலக்காய் வியாபாரி, வாத்தியாரைப் போலவே வானம் பார்க்கும் பைத்தியம். வானத்தில் எதைக் கண்டாலும் நேரமும் திசையும் குறித்துவைத்து, இருவரும் நோட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆசையாக நோட்டை நீட்டியவரின் கையைப் பங்கிராஸ் தடுத்தார்.

"பொறுங்க. மொதல்ல இவன் சொல்லட்டும். கர்ணா, நட்சத்திரம் எந்தப் பக்கம் போச்சு?"

"பாக்கலயே. வெளிச்சம் அடிச்சதும் பச்ச மரத்தப் பாத்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் மறதி வரும், சட்டென்று பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். வருஷந்தோறும் வகுப்பில் அதைக் கிண்டலடித்தவர் வாத்தியார். இன்று அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"மரத்து நெழலு எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

கர்ணன் கண்ணை மூடி யோசித்தான். "தெக்க. சந்தைப் புளியமரத்துக்குத் தெக்க இருக்க மாட்டுத்தொட்டி இருண்டுபோச்சு."

"ஏலே, பொய்யி!" ராக்கப்பன் துள்ளினார். "நட்சத்திரமே தெக்கதான போச்சு! நெழலு வடக்கல்ல விழணும்?"

பங்கிராஸ் சுருளிவேலின் நோட்டை வாங்கிப் பிரித்தார். 'ஆறே முக்கால். தேவாரத்துக்கு வடக்கே' என்றிருந்தது. அப்படியானால் அது இரண்டு ஊருக்கும் நடுவே போயிருக்கிறது. தேவாரத்தில் நின்றவனுக்குத்தான் நிழல் தெற்கே விழும். நேற்று இங்கே நின்றுவிட்டுப் பொய் சொல்பவனுக்கு அது தோன்றவே தோன்றாது.

பிறகு, தான் பார்த்தது யாரை? எவ்வளவு யோசித்தும் அவருக்கு வானம்தான் ஞாபகம் வந்தது.

"நான் மொகத்தப் பாக்கல" என்றார் ஊர் முன்னால். "நட்சத்திரத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். தப்பு எம்மேலதான்." கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

கர்ணன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "அடுத்த தடவ மரத்தப் பாருங்க வாத்தியாரே" என்றான்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.