ஆண்கள் படிவம்

அரசாங்கம் கொடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் முதல் விதியே இதுதான்: "பெண்ணிடம் தனியாகக் கேட்கவும்." இதை எழுதிய புண்ணியவான் சேக்காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். இங்கே ஒரு பெண்ணைத் தனியாகப் பார்ப்பதைவிட மந்திரியைப் பார்ப்பது சுலபம்.

நான் ஷோபனா, அங்கன்வாடி டீச்சர். வீட்டில் அடி, உதை, பூட்டிவைப்பது உண்டா என்று வீடு வீடாகக் கேட்கும் வேலையைப் போன ஆடி மாதம் எங்கள் தலையில் கட்டினார்கள். "உங்கள் கணவர் உங்களை அடிப்பதுண்டா?" என்று படிப்பேன். பக்கத்திலேயே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கணவர் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு "சேச்சே" என்பாள். நானும் "இல்லை" என்று எழுதிக்கொள்வேன். முப்பது வீடு முடித்தபோது, என் தாள்களின்படி சேக்காடு சொர்க்கம்.

வடிவு வீட்டில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டுப் பின்சுவரும் எங்கள் மையத்தின் சுவரும் ஒன்று. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தப் பக்கம் ஏதோ மோதும் சத்தம், பிறகு பாதியில் நின்றுபோகும் ஓர் அழுகை. பிள்ளைகள் சாப்பிடுவதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கும். எங்கள் ஆயா குப்பம்மா உடனே உரக்கப் பாட ஆரம்பிப்பாள். 

அவள் புருஷன் ஜெயராமன் வீட்டு முன்னறையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடையைத் தாண்டாமல் யாரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. மனிதர் கல்லாவை விட்டு அசையவும் மாட்டார்.

"அவளுக்கு இன்னா தெரியும் டீச்சர்? நான் சொல்றேன், எழுதிக்கோ" என்றார்.

"அடிக்கடி சத்தம் கேக்குதே சார்?"

"பாத்திரக் கடைன்னா பாத்திரம் உழத்தான் செய்யும்."

கதவோரம் வடிவு நின்றிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள்.

"இத்தெல்லாம் கேட்டுகினு வர்றீங்களே, தெருவுல கால்வா ரொம்பி வழியுது, அத்த எவனாவது கேட்டானா? ஆம்பளைங்கள ஒருத்தனாவது எதுனா கேக்குறீங்களா?" என்று ஜெயராமன் கத்தினார்.

ஆண்களையும் கேட்டுவிடலாம் என்று அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். "உங்கள் பகுதியின் முக்கியப் பிரச்சினை எது? அதற்கு உங்கள் ஆலோசனை என்ன?" என்று பத்துக் கேள்வி. மேலே "ஆண்கள் படிவம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் அங்கன்வாடிக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும் என்று கீழே ஒரு விதி.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பாதுகாப்பு அலுவலர் கிருஷ்ணப்பிரியா மேடத்திடம் காட்டினேன். குடும்ப வன்முறைப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி அவர். "இது அரசாங்கப் படிவமே இல்லையே!" என்று பதறினார்.

"அரசாங்கப் படிவம்னு அதுல எங்கயும் போடல மேடம்."

தாளை நாலாக மடித்தார். "நான் இதைப் பார்க்கவே இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பதினெட்டு ஆண்கள் வந்துவிட்டார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் பரீட்சைபோல எழுதினார்கள். வீட்டில் வாயைத் திறக்காத என் வீட்டுக்காரர் ஞானசேகரன்கூட வந்து கூடுதல் தாள் கேட்டார். குப்பம்மா கையில் முறத்தோடு நடந்தாள். "பேசக் கூடாது நைனா. பாத்து எழுதுனா பேப்பர புடுங்கிடுவேன்."

கடையைப் பார்த்துக்கொள்ள வடிவை விட்டுவிட்டு ஜெயராமனும் வந்திருந்தார். மற்ற வீட்டுப் பெண்களிடம் கேட்கப் பக்கத்து அங்கன்வாடி மையத்து வனஜா போனாள். நான் வடிவிடம் ஓடினேன்.

கேள்வியைப் படித்தேன். வடிவு "சேச்சே" என்று சொல்லவில்லை. ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். படிவத்தில் "ஆம்", "இல்லை" என்று இரண்டே கட்டம். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் அழவில்லை.

"டீச்சர், போறதுக்கு எடம் எதுனா கீதா?"

இருக்கிறது என்றேன். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு சேவை மையத்தில் தங்கலாம், டாக்டர், வக்கீல் எல்லாம் இலவசம், மேடமே வந்து கூட்டிக்கொண்டு போவார். "இப்பவே கெளம்பு."

"இப்போ முடியாது. ஆதாரு, பாஸ்புக்கு, என் பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டு, அல்லாம் பீரோல பூட்டி வெச்சிகீறாரு. சாவிய தேடணும். பத்து கேள்விய அவரு ஊதித் தள்ளிட்டு வந்துருவாரு." கல்லாவிலிருந்து ஒரு பில் தாளை உருவித் திருப்பினாள். "தெருநாயி பத்தி கேளுங்க. கரண்டு பத்தி கேளுங்க. கார்ப்பரேசன் பத்தி கேட்டீங்கன்னா அதுக்கே ஒரு மணி நேரம் எழுதுவாரு."

பதினோரு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு அவரைத் தெரியாதா? நிறுத்தாமல் எழுதித் தள்ளினாள். மொத்தம் இருபத்தைந்து கேள்வி.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கதி என்ன ஆகும் என்றே மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை "ஆண்கள் படிவம், பாகம் இரண்டு". ஜெயராமன் இஸ்திரி போட்ட சட்டையில் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார். தெருமுனையில் மேடம் ஆட்டோவில் காத்திருந்தார். ஒன்பதாம் கேள்வியில் ஜெயராமன் எழுந்தார்.

"எழுத்து சரியா தெர்ல. ஊட்டுக்குப் போயி கண்ணாடி எடுத்தாந்துர்றேன்."

குப்பம்மா தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினாள். "நல்லா தெரியுதா? குந்து."

தெருநாய்க்கு இரண்டு பக்கம், கார்ப்பரேஷனுக்கு நான்கு பக்கம் எழுதினார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, கடைசிக் கேள்வியில் பேனா நின்றது.

"இது இன்னா டீச்சர்? 'உங்கள் மனைவிக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது?'"

வடிவு எழுதிக் கொடுத்ததை வரி மாறாமல் தட்டச்சு செய்திருந்தேன். அதைக் கவனித்துப் படித்தது அப்போதுதான்.

"தெரிஞ்சத எழுதுங்க சார்."

பேனா மூடியைக் கடித்தார். விட்டத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் தாளை எட்டிப் பார்த்தார், அங்கேயும் காலி. அந்த மனுஷரை வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"நான் துன்றதத்தான் அவளும் துன்னுவா. தனியா இன்னா புடிக்கும்?" என்று முணுமுணுத்தார். ஆனால் ஒரு கேள்வியைக்கூட விட்டுவைக்க அவருக்கு மனசு வரவில்லை. "ஒரு எட்டு போயி அவளையே கேட்டுகினு வந்துர்றேன்."

குப்பம்மா முறத்தோடு வாசலை மறித்தாள். என் கையில் போன் அதிர்ந்தது. மேடம் அனுப்பியிருந்தார்: "நாங்க ரெண்டு பேரும் திருமுல்லைவாயில் தாண்டிட்டோம்."

"வழி விடு குப்பம்மா" என்றேன். "போய்க் கேளுங்க சார்."

விடைத்தாளைப் பத்திரமாக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கேட்பதற்காக ஜெயராமன் தன் வீட்டுக்குப் போனார்.